நாட்காட்டியைக் கணினி உதவியாளருடன் இணைக்கலாம். சாவி நம் கையில் இருக்கட்டும்



மளிகைக் கடையோ மொத்த மண்டியோ, வியாபாரம் என்பது பாதி சரக்கு, பாதி பேச்சு. கம்பெனி விற்பனை அதிகாரி, மில்காரர், தரகர், ஆடிட்டர், வங்கி மேலாளர், கட்டட உரிமையாளர் என்று வாரத்தில் பலரோடு உட்கார்ந்து பேசியாக வேண்டியிருக்கிறது. கல்லாவில் அமர்ந்து கிலோவுக்கு ஐம்பது காசு பார்த்து விற்கிற நாம், அரை மணி நேரப் பேச்சில் ஆயிரக்கணக்கில் விட்டுக்கொடுத்துவிட்டு எழுந்து வருகிறோம். பேசத் தெரியாதவர்களா நாம்? வாய்ச்சொல்லில் வணிகரை வெல்ல யாரால் முடியும்? பேசப் போகிற நேரத்தில் கையில் விவரம் இல்லை; அதுதான் குறை.

எதிரில் அமர்பவரின் நிலை வேறு. கம்பெனிப் பிரதிநிதியின் செல்போனைத் திறந்தால், நம் கடை எந்த மாதம் எத்தனை பெட்டி எடுத்தது, எந்தப் பில் பாக்கி, எந்தச் சரக்கு ஓடவில்லை என்பதெல்லாம் வரிசையாக நிற்கிறது. நம் கடையைப் பற்றி நம்மைவிட அதிகம் படித்துவிட்டு அவர் வருகிறார். நாமோ, வாசலில் லாரி இறங்கிக்கொண்டிருக்க, தராசில் ஆள் நின்றுகொண்டிருக்க, "போன தடவை என்ன பேசினோம்?" என்று யோசித்தபடியே நாற்காலியை இழுத்துப் போடுகிறோம்.

இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்க இப்போது ஒரு வழி இருக்கிறது. செல்போனில் உள்ள நாட்காட்டியை, செயற்கை நுண்ணறிவு என்று சொல்லப்படும் கணினி உதவியாளருடன் இணைத்துவிட்டால், ஒவ்வொரு சந்திப்புக்கும் முன்பாக ஒரு பக்கக் குறிப்பை அது எழுதித் தருகிறது. பெரிய கம்பெனிகளின் அதிகாரிகளுக்கு இது பழகிப்போன வசதி. சிறு வணிகரும் இதைப் பயன்படுத்த வேண்டும் என்பதே நமது கருத்து. ஆனால் எதைக் காட்டுவது, எதைப் பூட்டி வைப்பது என்று தெரிந்துகொண்ட பிறகே இணைக்க வேண்டும் என்பதும் நமது கருத்து.

சுவர்க் காலண்டரும் செல்போன் காலண்டரும்

காலண்டர் நமக்குப் புதிதல்ல. சிவகாசியில் அச்சடித்த தினசரிக் காலண்டரைக் கடைப் பெயர் போட்டு ஆண்டுதோறும் வாடிக்கையாளருக்கு வழங்குகிறவர்களே நாம்தான். நம் கடைச் சுவரில் தொங்கும் காலண்டரில் "மில்காரர் வருகிறார்", "சீட்டுப் பணம்", "தராசு முத்திரை" என்று பேனாவால் எழுதிவைக்கிறோம். மறுநாள் காலையில் தாளைக் கிழிக்கிறோம். எழுதியதும் அதோடு போய்விடுகிறது. மில்காரரிடம் என்ன பேசி முடித்தோம் என்பது அந்தத் தாளில் இருந்ததும் இல்லை, இருந்திருந்தாலும் இன்று கிடைக்கப்போவதில்லை.

செல்போன் காலண்டரில் ஒவ்வொரு சந்திப்புக்கும் தலைப்பு, நேரம், இடம், வருகிறவர், விவரம் என்று தனித்தனி இடம் உண்டு. அந்த விவரம் என்ற இடத்தில் நிறையவே எழுதலாம். நாள் கடந்தாலும் அழிவதில்லை. கூகுள் காலண்டர் 2006இல் வந்தது. அதற்கு முன்பே, 1998இல், ஒரு கம்பெனிக் காலண்டரில் எழுதியதை வேறொரு கம்பெனிக் காலண்டரும் படிக்கும்படி "ஐகேலண்டர்" என்ற பொது முறை வகுக்கப்பட்டது. கூகுள், ஆப்பிள், மைக்ரோசாப்ட் காலண்டர்கள் ஒன்றின் பதிவை மற்றொன்று புரிந்துகொள்வது இதனால்தான்.

கணினி உதவியாளர் செய்வது இதற்கு அடுத்த படி. கூகுளின் ஜெமினி, சாட்ஜிபிடி, கிளாட் போன்றவற்றுக்கு நாம் அனுமதி கொடுத்தால் அவை நம் காலண்டரைப் படிக்கும். "நாளை யார் யாரைப் பார்க்கிறோம், ஒவ்வொருவரிடமும் என்ன பேச வேண்டும்?" என்று தமிழிலேயே கேட்டால், அன்றைய பதிவையும் அதே ஆளோடு முன்பு நடந்த சந்திப்புகளின் பதிவையும் தேடி எடுத்துச் சுருக்கித் தரும். மின்னஞ்சலுக்கும் அனுமதி கொடுத்தால் அந்த ஆள் அனுப்பிய கடிதத்தையும் சேர்த்துப் பார்க்கும்.

எழுதாதது வராது

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். உதவியாளருக்கு மந்திரம் தெரியாது. நம் பேரேடு அதற்குத் தெரியாது; கணக்குப்பிள்ளையின் மனக்கணக்கும் தெரியாது. காலண்டரில் "தரகர், 11 மணி" என்று மட்டும் எழுதியிருந்தால், "11 மணிக்குத் தரகரைச் சந்திக்கிறீர்கள்" என்றுதான் அதுவும் சொல்லும். அதற்கு உதவியாளர் எதற்கு?

பேச்சு முடிந்த கையோடு நான்கு வரி எழுத வேண்டும். உதாரணத்துக்கு, துவரம் பருப்புத் தரகர் வந்து போன பிறகு இப்படி எழுதலாம்: "200 மூட்டை, மூட்டை 50 கிலோ. 6 மூட்டையில் வண்டு. கிலோவுக்கு 4 ரூபாய் கழிவு தருவதாக ஒப்புக்கொண்டார். கிரெடிட் நோட் வரவில்லை. அடுத்த லோடுக்கு 15 நாள் தவணை கேட்க வேண்டும்."

அடுத்த மாதம் அதே தரகர் வரும் நாளில் உதவியாளர் என்ன தரும்? 6 மூட்டை என்றால் 300 கிலோ, கழிவு 1,200 ரூபாய், அது இன்னும் வரவாகவில்லை என்று நினைவூட்டும். தவணை பற்றிப் பேச வேண்டும் என்று வரிசைப்படுத்தும். 1,200 ரூபாய் பெரிய தொகை இல்லை என்று சிலர் நினைக்கலாம். இப்படி மறந்துபோன 1,200கள் ஓர் ஆண்டில் எத்தனை என்று அவரவர் கடையில் எண்ணிப் பார்க்கட்டும். டேமேஜ், காலாவதிச் சரக்கு, ஸ்கீம் வித்தியாசம், எடைக் குறைவு என்று நமக்கு வர வேண்டியவற்றில் எத்தனை, கேட்கிற நேரத்தில் நினைவுக்கு வராததால் நின்றுபோயின?

2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியது நினைவிருக்கும். பிஸ்கட், சோப்பு, பற்பசை 18 சதவிகிதத்திலிருந்து 5க்கும், நெய், வெண்ணெய் 12 சதவிகிதத்திலிருந்து 5க்கும் இறங்கின. பழைய விலைச் சரக்கு அலமாரியில் இருக்க, வித்தியாசத்தை யார் ஏற்பது என்று ஒவ்வொரு கடையிலும் பேச்சு நடந்தது. 21ஆம் தேதி இரவு எந்தச் சரக்கு எத்தனை கையிருப்பு, பிரதிநிதி எந்த நாளில் என்ன வாக்குக் கொடுத்தார் என்பதை எழுதி வைத்திருந்தவர் தேதி போட்டுப் பேசலாம். எழுதாதவர், "அன்றைக்குச் சொன்னீர்களே" என்றுதான் சொல்ல முடியும். வருகிற மாற்றங்களுக்கும் இதுவே பாடம்.

கொடுக்க வேண்டிய இடத்திலும் இது உதவும். அப்பளம், மசாலா, செக்கு எண்ணெய் தயாரிக்கும் சிறு உற்பத்தியாளரிடம் நாம் கொள்முதல் செய்கிறோம். அவர் முறையாகப் பதிவு செய்தவராயின், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை வைக்க முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். சரக்கு வந்த தேதியைக் காலண்டரில் போட்டுவைத்தால், அவர் வந்து கேட்கும் முன்பே நமக்குக் கெடு தெரிந்துவிடும்.

தட்டச்சு செய்ய நேரமில்லை என்று சொல்ல வேண்டாம். செல்போன் விசைப்பலகையில் ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுத் தமிழில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. எண்களை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பதினைந்தும் ஐம்பதும் அதற்கு எப்போதாவது குழம்பும்.

அனுமதிப் பக்கத்தைப் படியுங்கள்

இனி பூட்டுச் சாவிக்கு வருவோம். உதவியாளரைக் காலண்டருடன் இணைக்கும்போது, நம் கடவுச்சொல்லை அதனிடம் கொடுப்பதில்லை, கொடுக்கவும் கூடாது. கூகுளின் சொந்தப் பக்கம் திறக்கும். அதில் நாம் ஒப்புதல் அளித்தால், கூகுள் ஒரு தனிச் சாவியை உதவியாளருக்கு வழங்கும். எந்த உதவியாளராவது கடவுச்சொல்லையே தட்டச்சு செய்யச் சொன்னால் அந்த இடத்திலேயே வெளியே வந்துவிடுங்கள்.

அந்த ஒப்புதல் பக்கத்தைத்தான் நாம் படிக்காமல் "அனுமதி" என்று அழுத்திவிடுகிறோம். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, காலண்டரைப் பார்க்க மட்டும் அனுமதி. மற்றொன்று, பார்க்க, திருத்த, பிறரோடு பகிர, அடியோடு அழிக்க அனுமதி. முதலாவது, பேரேட்டை மேசையில் வைத்துப் படிக்கச் சொல்வது போன்றது. இரண்டாவது, பேரேட்டையும் பேனாவையும் கடைச் சாவியையும் சேர்த்துக் கொடுப்பது போன்றது. குறிப்பு எழுதித் தருவதற்குப் பார்க்கிற அனுமதி போதும். அதற்கு மேல் கேட்டால் ஏன் என்று கேட்க வேண்டும்; சரியான பதில் இல்லையென்றால் கொடுக்கக் கூடாது.

பலருக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. "கடைக்குத் தனிக் காலண்டர் போட்டிருக்கிறேன், வீட்டுக் காலண்டர் வேறு, அதனால் பயமில்லை" என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரே மின்னஞ்சல் கணக்கில் இரண்டு காலண்டரும் இருந்தால், அந்த அனுமதி பொதுவாக இரண்டுக்கும் சேர்த்தே செல்லும். பேத்தியின் மருத்துவர் சந்திப்பும் மகள் வரன் பார்க்கும் நாளும் அதில் தெரியும். எனவே கடைக்கென்று தனி மின்னஞ்சல் கணக்குத் தொடங்கி, அதில் உள்ள காலண்டரை மட்டும் இணைப்பதே முறை. எங்கள் மண்டியில் நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம். கல்லாப் பணத்தையும் வீட்டுச் செலவையும் தனித்தனியாக வைக்கச் சொன்ன நம் பெரியவர்களின் வழக்கம் இதற்கும் பொருந்தும்.

வேறொரு வகை இணைப்பும் இருக்கிறது. கூகுள் காலண்டரின் அமைப்புகளில் "ரகசிய முகவரி" என்று ஒரு நீண்ட இணைப்பு இருக்கும். அதைக் கொடுத்தால் உதவியாளர் படித்துக்கொள்ளும், திருத்த முடியாது. ஆனால் அந்த இணைப்பு யார் கையில் கிடைத்தாலும் அவர் நம் காலண்டரைப் படிக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தவறிப் போட்டால் போதும். அப்படி நேர்ந்தால் உடனே அந்த முகவரியை மாற்றிவிட அங்கேயே வசதி உண்டு.

கொடுத்த சாவியைத் திரும்பப் பெறவும் முடியும். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில், எந்தெந்தச் செயலிக்கு அனுமதி தந்திருக்கிறோம் என்ற பட்டியல் இருக்கிறது. மாதம் ஒருமுறை, கணக்கு முடிக்கிற நாளில், அந்தப் பட்டியலையும் பார்த்து, வேண்டாததை நீக்கிவிடுங்கள். வேலையை விட்டு நின்ற ஆளிடம் சாவியை விட்டுவைப்போமா?

எழுதக் கூடாதவை

கடன் வாங்கிய வாடிக்கையாளரின் பெயர், செல்போன் எண், அவர் குடும்ப நிலை, வங்கிக் கணக்கு எண், கடவுச்சொல், ஓ.டி.பி. ஆகியவற்றைக் காலண்டரில் எழுதவே கூடாது. நம்மை நம்பித் தெருவில் உள்ளவர் சொல்லிய சங்கதி கடைக்கு உள்ளேயே இருக்க வேண்டும். இது பண்பு மட்டுமல்ல. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பிறகு, பிறருடைய விவரத்தைக் கணினியில் வைத்திருப்பவருக்குப் பொறுப்பு உண்டு என்பது சட்டமாகவும் ஆகிவிட்டது. ஆளுக்குப் பதில் பேரேட்டுப் பக்க எண்ணை எழுதினால் நமக்குப் புரியும், மற்றவருக்குப் புரியாது.

உதவியாளரின் அமைப்புகளில், நம் உரையாடலை அதன் பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா என்று ஒரு கேள்வி இருக்கும். வேண்டாம் என்று குறித்துவிடுங்கள்.

அழைப்பு வழியே வரும் ஆபத்து

யாரோ ஒருவர் சந்திப்பு அழைப்பு அனுப்பினால், அது நாம் கேட்காமலே நம் காலண்டரில் வந்து உட்கார்ந்துகொள்வது உண்டு. முன்பு அது வெறும் தொல்லை. உதவியாளரை இணைத்த பிறகு அதுவே ஆபத்தாகலாம். ஏனெனில் உதவியாளர் அந்த அழைப்பையும் படிக்கிறது. அதில் ஒளித்து எழுதிய கட்டளையை நம் கட்டளை என்று எண்ணிவிடக் கூடும்.

இது கற்பனை இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் வேகாசில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். காலண்டர் அழைப்பில் கட்டளையை மறைத்து அனுப்பி, "இந்த வாரச் சந்திப்புகளைச் சொல்" என்று பயனர் கேட்டதும் ஜெமினி அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து வீட்டு விளக்கை அணைப்பது வரை செய்தது. கூகுளுக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டுப் பாதுகாப்பும் கூட்டப்பட்டது. இருந்தாலும் நம் எச்சரிக்கை நமக்கு வேண்டும். கூகுள் காலண்டர் அமைப்பில், தெரிந்தவரிடமிருந்து வரும் அழைப்பை மட்டும் சேர்க்கும்படி மாற்றிவிடலாம். உதவியாளருக்குப் படிக்கிற அனுமதி மட்டும் இருந்தால், ஏமாந்தாலும் அது காலண்டரை அழித்துவிட முடியாது. முன்பு சொன்ன சாவிக் கணக்கின் அருமை இங்கேதான் தெரியும்.

முடிவு நம்முடையது

உதவியாளர் சில நேரம் இல்லாததையும் இருப்பதாகச் சொல்லும். அதுவும் தயங்காமல் சொல்லும். புதிதாகச் சேர்ந்த எழுத்தர் முதலாளிக்குப் பயந்து ஏதோ ஒரு தொகையைச் சொல்வதில்லையா, அது போல. எனவே, "ஒவ்வொரு தொகைக்கும் எந்தத் தேதிப் பதிவு என்று எழுது, பதிவில் இல்லாததை இல்லை என்று சொல்" என்று கட்டளையிட்டுப் பழக்க வேண்டும். குறிப்பில் உள்ள எண்ணைப் பேரேட்டோடு ஒத்துப் பார்க்காமல் எதிராளியிடம் சொல்லக் கூடாது. தவறான தொகையைச் சொல்லிவிட்டு "கணினி சொன்னது" என்றால் மண்டியில் நம் சொல்லுக்கு மதிப்பு இராது.

விலையை விட்டுக்கொடுப்பதா, பழைய உறவுக்காகப் பாக்கியைப் பொறுப்பதா, இந்த முறை சரக்கு வேண்டாம் என்று சொல்வதா என்பதெல்லாம் குறிப்புத்தாளில் வராது. முப்பது ஆண்டு சரக்குக் கொடுத்தவர் முகத்தைப் பார்த்து எடுக்கிற முடிவு அது. மறந்ததை நினைவூட்டுவதோடு உதவியாளரின் வேலை முடிந்தது.

"நமக்கு எதற்கு இதெல்லாம்? மனசிலேயே எல்லாம் இருக்கிறது" என்று நம் வயதுக்காரர்கள் சொல்வார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நம் மனத்தில் இருப்பது நம் பிள்ளைகளுக்கு எப்படிப் போகும்? நாம் ஒரு வாரம் படுத்துவிட்டால் கடையில் உட்காருகிற மகனுக்கோ மருமகளுக்கோ, மில்காரரிடம் என்ன பேச்சு நிற்கிறது என்று யார் சொல்வார்கள்? எழுதி வைத்த காலண்டர் சொல்லும். வேறு பயனே இல்லை என்றாலும் இந்த ஒன்றுக்காகவே தொடங்கலாம்.

நமது சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஜி.எஸ்.டி. வந்தபோது வகுப்பு நடத்தியது போல, கிளைதோறும் ஒரு பிற்பகல் ஒதுக்கி, தனிக் கணக்குத் தொடங்குவது, பார்க்க மட்டும் அனுமதி கொடுப்பது, கொடுத்த அனுமதியை நீக்குவது ஆகிய மூன்றையும் உறுப்பினரின் செல்போனிலேயே செய்து காட்ட ஏற்பாடு செய்ய வேண்டும். கட்டணம் வசூலிக்கும் சேவைகளும் இருப்பதால், எது இலவசம், எதற்கு மாதச் சந்தா என்பதையும் விசாரித்துச் சொன்னால் உறுப்பினர் ஏமாற மாட்டார்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலை கடை சாத்துவதற்கு முன், இந்த வாரம் யாரிடம் என்ன பேசினோம், என்ன வர வேண்டும், என்ன தர வேண்டும் என்று ஆளுக்கு நான்கு வரி காலண்டரில் எழுதத் தொடங்குவோம். உதவியாளரைப் பிறகு இணைத்துக்கொள்ளலாம். எழுதுகிற பழக்கம் வந்துவிட்டால், அடுத்த முறை கம்பெனிப் பிரதிநிதி செல்போனைத் திறக்கும்போது நாமும் திறப்போம்.